தனியே அயல்நாடு செல்லும் இளம்பெண்ணுக்கு ஒரு வழிகாட்டி

தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு ஆபத்தான நேரம் எது என்று கேட்டால், ஆளில்லாத தெருவில் நள்ளிரவில் நடக்கும் நேரம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த முதல் இரண்டு மணி நேரம். தூக்கம் கெட்டிருக்கும், கையில் பெட்டி இருக்கும், ஊரின் திசைகள் தெரியாது, உள்ளூர்ப் பணம் இருக்காது, கைப்பேசியில் இணைப்பு வந்திருக்காது. அந்த நேரத்தில் யார் வந்து உதவுகிறேன் என்றாலும் சரி என்று சொல்லத் தோன்றும்.

என் முதல் தனிப் பயணத்தில் எனக்கு 23 வயது. விமானம் தாமதமாகி, ஐரோப்பிய நகரம் ஒன்றில் நான் பதிவு செய்திருந்த விடுதியின் வாசலை அடைந்தபோது இரவு 1.40 மணி. கதவில் மனிதர்கள் இல்லை, எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு மட்டும் இருந்தது. அதற்கான எண் மின்னஞ்சலில் வந்திருந்தது, ஆனால் கைப்பேசியில் இணைப்பு இல்லை, மின்கலத்தில் 3 விழுக்காடுதான் மிச்சம். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தெருவைக் கடந்து வந்து, தன் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே வந்து சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றேன். இருபது நிமிடம் கழித்து விடுதியில் தங்கியிருந்த இரு பெண்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். அன்று என்னைக் காப்பாற்றியது என் துணிச்சல் அல்ல, அந்த இரு பெண்களும் சற்று முன்னதாகவே உறங்கப் போகாததுதான். முன்பின் தெரியாதவரின் கருணையை நம்பி நிற்க வேண்டிய நிலை வராதபடி ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொள்வதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்துவது. ஏற்பாடு சரியாக இருந்தால், அந்த ஊரில் மனிதர்களோடு அச்சமின்றிப் பழகவும் முடியும்.

புறப்படுவதற்கு முன்

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய நாடுகளில், நீங்கள் வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அங்கே சுற்றுலாவாகத் தங்கக்கூடிய காலம் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் மட்டுமே. விமானச் சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டவர்களும், தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதிப் பழகியவர்களும் இதில்தான் அடிக்கடி சிக்கிக்கொள்கிறார்கள்.

பாஸ்போர்ட், விசா, காப்பீட்டு அட்டை, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றின் நகல்களை மூன்று இடங்களில் வையுங்கள். தாளில் ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும், ஒன்று கைப்பேசியில் இணைப்பு இல்லாமலேயே திறக்கும்படி இருக்கட்டும், ஒன்று வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும். அந்த நபரிடம் உங்கள் பயணத் திட்டத்தையும் தங்குமிட முகவரிகளையும் கொடுத்து, தினமும் எந்த நேரத்தில் செய்தி அனுப்புவீர்கள் என்பதையும், செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருந்து யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பேச்சை நடத்தாமல் போனால், ஒரு நாள் இணைப்புக் கிடைக்காததற்கே வீட்டில் எல்லோரும் பதறிப்போவார்கள், உண்மையாகவே உதவி தேவைப்படும் நாளில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. எனக்கும் என் அக்காவுக்கும் இடையே ஒரு சங்கேதச் சொல்லும் உண்டு. சாதாரணமாகத் தோன்றும் அந்தச் சொல் செய்தியில் வந்தால், நான் வெளிப்படையாகப் பேச முடியாத இடத்தில் இருக்கிறேன், உடனே அழைத்து ஏதாவது காரணம் சொல்லி என்னை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்று பொருள். இரண்டு முறை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

போகும் நாட்டின் சட்டங்களைப் படிப்பது பலருக்கும் சலிப்பான வேலை, ஆனால் மருந்து விஷயத்தில் மட்டுமாவது அதைத் தவிர்க்கக் கூடாது. இருமல் மருந்துகளிலும் வலி மாத்திரைகளிலும் சேர்க்கப்படும் கோடீன் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன் அனுமதி வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த ஜலதோஷ மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. எனவே நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை மூலப் பெட்டியிலேயே, மருத்துவரின் சீட்டோடு, கைப்பையில் கொண்டுசெல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடுகளுக்குச் செல்வதானால், ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்று செல்லுபடியாகும் என்பதை நினைவில் வைத்து நாள் குறியுங்கள். சான்று 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுவதும் செல்லும்.

பயணக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயமாகவே கேட்கப்படுகிறது, கேட்காத நாடுகளிலும் அது தேவைதான். எடுக்கும் பாலிசியில், நோயாளியை விமானத்தில் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு அடங்குமா, மலையேற்றம், இருசக்கர வாகனம் போன்றவை விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாடகை ஸ்கூட்டரில் விழுந்த பிறகுதான், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாவிட்டால் காப்பீடு பணம் தராது என்பதைப் பலரும் தெரிந்துகொள்கிறார்கள்.

பெட்டியைப் பற்றி ஒரே விதி: படிக்கட்டு ஏறும்போதும் இரயிலில் ஏறும்போதும் யாருடைய உதவியும் இல்லாமல் உங்களால் தூக்க முடிகிற எடைதான் உங்கள் பெட்டியின் எடை. பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்று நெருங்குவது பேச்சைத் தொடங்கவும் பையைத் துழாவவும் எளிய வழி. 1889 நவம்பர் 14 அன்று, 25 வயதில், நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரே ஒரு கைப்பையோடு தனியாகக் கிளம்பி 72 நாளில் உலகைச் சுற்றி வந்தார். அந்தச் சிறிய பைக்குள்ளும் இடத்தை அடைத்துக்கொண்டு அவரைப் படுத்தியது ஒரு முகக்களிம்புச் சாடிதான். எனக்குப் பெட்டி கட்டும்போதெல்லாம் அந்தச் சாடி நினைவுக்கு வந்துவிடும்.

இறங்கும் நாள்

விமானச் சீட்டு வாங்கும்போதே, பகல் வெளிச்சத்தில் இறங்கும் விமானமாகப் பார்த்து வாங்குங்கள். சற்றுக் கூடுதல் பணம் ஆனாலும் பரவாயில்லை. பகலில் இறங்க வழியே இல்லையென்றால், முதல் இரவை விமான நிலையத்தை ஒட்டிய விடுதியில் கழித்துவிட்டுக் காலையில் நகருக்குள் செல்லுங்கள். முதல் இரண்டு இரவுகளுக்காவது தங்குமிடம் பதிவாகியிருக்க வேண்டும், அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் வரவேற்பு மேசையில் ஆள் இருக்க வேண்டும். எண்பூட்டு உள்ள இடமானால் அந்த எண்ணையும், தங்குமிடத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்த நாட்டு எழுத்திலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றுவரை அந்தத் தாளைப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துத்தான் பயணம் போகிறேன்.

இ-சிம் (அட்டை செருகாமல் இணையம் வழியே பதியும் சிம்) ஏற்கும் கைப்பேசியானால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதை வாங்கிப் பதிந்துவிடுங்கள், விமானம் தரையைத் தொட்டதும் இணைப்பு வந்துவிடும். நகரின் வரைபடத்தை இணைப்பில்லாமல் பயன்படும்படி இறக்கி வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்க விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. விமான நிலையத்திலிருந்து தங்குமிடம் வரை எதில் போகப்போகிறீர்கள், சுமார் எவ்வளவு ஆகும், கடைசி இரயில் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் முன்னரே பார்த்து வைத்திருந்தால், வருகைக் கூடத்தில் டாக்சி டாக்சி என்று சூழ்ந்துகொள்பவர்களைக் கடந்து நேராக நடக்கலாம். சந்தேகம் வந்தால் நடுவழியில் நிற்காமல் ஒரு கடைக்குள் நுழைந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று கைப்பேசியைப் பாருங்கள்.

இறங்கும் நாளிலேயே அந்த நாட்டின் அவசர எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. பிரிட்டனில் 999, அங்கே 112ம் வேலை செய்யும். ஜப்பானில் காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. கைப்பேசியின் அவசர அழைப்பு வசதியையும் முன்பே அமைத்துக்கொள்ளுங்கள். பல கைப்பேசிகளில் பக்கப் பொத்தானைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் அழைப்பு போகும்படியும், நீங்கள் குறிப்பிட்டவர்களுக்கு உங்கள் இருப்பிடம் செல்லும்படியும் செய்யலாம்.

தங்கும் அறை

தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், தனியாகத் தங்கிய பெண்கள் எழுதிய மதிப்புரைகளைத் தேடிப் படியுங்கள். காலை உணவு எப்படி இருந்தது என்பது முக்கியமல்ல. நிலையத்திலிருந்து வரும் வழி இரவில் வெளிச்சமாக இருந்ததா, கதவு உள்ளிருந்து சரியாகப் பூட்டியதா, ஊழியர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற மூன்றைத்தான் தேட வேண்டும். ஹாஸ்டலில் தங்குவதானால் பெண்களுக்கான தனிக்கூடம் பல இடங்களில் உண்டு. தனியார் வீட்டில் அறை எடுப்பதானால், வீட்டு உரிமையாளரும் அங்கேயே வசிக்கிறாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு விடுதியில் பதிவு முடிந்து சாவியைத் தந்த ஊழியர், உங்கள் அறை 214, இரண்டாம் தளத்தில் இடப்பக்கம் கடைசி, தனியாகத்தானே தங்குகிறீர்கள் என்று உரக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற ஆள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் சாவியை மேசைமீது திருப்பி வைத்துவிட்டு, வேறு அறை கொடுங்கள், எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள், தோழி நாளை வருகிறாள் என்று சொன்னேன். ஊழியருக்கு முதலில் புரியவில்லை, பிறகு முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டு அறையை மாற்றித் தந்தார். இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தரைத்தளம் வேண்டாம், தெருவிலிருந்து ஜன்னலை எட்டிவிடலாம். இரண்டாம் தளத்திலிருந்து நான்காம் தளம் வரை, மின்தூக்கிக்கு அருகில், ஆள் நடமாட்டம் உள்ள தாழ்வாரத்தில் அறை கேளுங்கள்.

அறைக்குள் போனதும் கதவை மூடுவதற்கு முன் குளியலறை, அலமாரி, திரைக்குப் பின்புறம் ஆகியவற்றை ஒரு முறை பாருங்கள். அறைகளை இணைக்கும் உள்கதவு இருந்தால் அது பூட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். மின்அட்டைப் பூட்டு மட்டும் போதாது, உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொருள், உள்பக்கமாகத் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாதபடி பிடித்துக்கொள்ளும். ஆனால் தீ விபத்தின்போது தடுமாறாமல் எடுக்கக் கற்றிருக்க வேண்டும், அவசர வழியையும் பகலிலேயே ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும். இரவில் யாரேனும் கதவைத் தட்டி, பழுது பார்க்க வந்திருக்கிறேன் என்றால் திறக்காதீர்கள். வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆளை அனுப்பினீர்களா என்று கேளுங்கள். உண்மையாகவே வந்தவர் இரண்டு நிமிடம் காத்திருப்பார்.

வண்டியிலும் தெருவிலும்

செயலி மூலம் டாக்சி அழைத்தால், ஏறுவதற்கு முன் வண்டி எண்ணையும் ஓட்டுநரின் முகத்தையும் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லக் கூடாது, யாரை ஏற்ற வந்தீர்கள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். பின்னிருக்கையில் ஏறியதும் கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பாருங்கள். பயண விவரத்தை வீட்டிலிருப்பவருக்குப் பகிர்ந்துவிட்டு, வண்டி போகும் வழியை உங்கள் வரைபடத்திலும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று தேர்ந்தெடுத்துப் பகிரலாம். வண்டி திசை மாறினால் உடனே கேளுங்கள், திருப்தியான பதில் இல்லையென்றால் வெளிச்சமான கடை அல்லது பெட்ரோல் நிலையம் வரும்போது இறங்கிவிடுங்கள். பெட்டியைப் பின்னால் பூட்டி வைக்காமல் அருகிலேயே வைத்திருந்தால் இந்த முடிவை எடுப்பது எளிது.

டோக்கியோ, கெய்ரோ, துபாய், மெக்சிகோ சிட்டி போன்ற நகரங்களின் இரயில்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. டோக்கியோவில் பெரும்பாலான தடங்களில் அது காலை நெரிசல் நேரத்தில் மட்டும்தான், நடைமேடையில் எழுதியிருப்பதைப் பார்த்து நிற்க வேண்டும். எந்த ஊரிலும் காலியான பெட்டியைவிட, குடும்பங்களும் பெண்களும் உள்ள பெட்டியே மேல். நடக்கும்போது இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் தெருவின் மறுபக்கம் கடந்து பாருங்கள், அவரும் கடந்தால் தங்குமிடத்துக்குப் போகாதீர்கள், ஆட்கள் இருக்கும் கடைக்குள் நுழைந்து விஷயத்தைச் சொல்லுங்கள். பையில் யாராவது ஏர்டேக் போன்ற கண்காணிப்புக் கருவியைப் போட்டிருந்தால், இன்றைய ஐபோன்களும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் தாமாகவே எச்சரிக்கும். அந்த அறிவிப்பை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

உடை விஷயத்தில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. எந்த உடை அணிந்திருந்தாலும் குற்றம் செய்தவர் மீதுதான் குற்றம். இருந்தாலும் புதிய ஊரில் முதல் நாள், அங்குள்ள உங்கள் வயதுப் பெண்கள் என்ன அணிகிறார்கள் என்று கவனித்து அதையொட்டி அணிந்தால், கூட்டத்தில் கரைந்துவிட முடியும், அந்தக் கரைவே ஒரு வசதி. பெரிய துப்பட்டா ஒன்று பலவிதங்களில் உதவும். இஸ்தான்புல்லின் மசூதிகளில் தலையை மூட வேண்டும், வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், குளிரும் விமானத்தில் அதுவே போர்வை.

முகதாட்சண்யம்

பிறர் முகம் வாடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு, கொடுத்ததை மறுப்பது அகந்தை என்று சிறு வயதிலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறோம். பயணத்தில் பெண்களிடம் நடக்கும் ஏமாற்றுகளும் அத்துமீறல்களும் பெரும்பாலும் இந்த முகதாட்சண்யத்தைச் சோதித்துப் பார்ப்பதில்தான் தொடங்குகின்றன. முதலில் மணி கேட்பார், பிறகு எந்த ஊர் என்பார், பிறகு பக்கத்தில் உட்காருவார், பிறகு கைப்பேசி எண்ணைக் கேட்பார். ஒவ்வொரு படியும் மிகச் சிறியது, அதனால் எந்தப் படியிலும் மறுப்பது அநாகரிகமாகத் தோன்றும். நீங்கள் ஒரு முறை வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவர் விடாமல் வற்புறுத்தினால், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். நல்ல எண்ணம் உள்ளவர் மறுப்பைக் கேட்டதும் விலகிக்கொள்வார், இந்த ஒரு அளவுகோல் என்னை இதுவரை ஏமாற்றியதில்லை.

அந்த நாட்டு மொழியில் வணக்கம், நன்றி என்ற சொற்களோடு, வேண்டாம், என்னைத் தொடாதே, உதவி என்ற மூன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அறைக்குள் நின்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் அவசரத்தில் குரல் எழும்பாது. மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள், காரணம் சொன்னால் அதற்கு ஒரு மாற்று தயாராக இருக்கும். பொய் சொல்வதற்கும் தயங்க வேண்டாம். கணவர் விடுதியில் காத்திருக்கிறார், நண்பர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், நாளை ஊருக்குக் கிளம்புகிறேன் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தங்குமிடத்தின் பெயரை மட்டும் யாரிடமும் உண்மையாகச் சொன்னதில்லை.

பெயர் பெற்ற சில ஏமாற்றுகளும் இதே அடிப்படையில்தான் நடக்கின்றன. பாரிசில் சாக்ரே கேர் தேவாலயப் படிகளில், நட்பாகப் பேசிக்கொண்டே உங்கள் கையில் வண்ணக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள், கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். பாங்காக்கில் அரச அரண்மனைக்கு அருகே ஒருவர், இன்று மூடிவிட்டார்கள், வேறு இடத்துக்கு அழைத்துப் போகிறேன் என்பார், அரண்மனை திறந்தே இருக்கும். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் மாணவர்களைப் போல் தோன்றும் இளைஞர்கள், பல சமயம் பெண்கள், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று தேநீர்ச் சடங்குக்கு அழைப்பார்கள், முடிவில் வரும் ரசீது மிகப் பெரிய தொகையாக இருக்கும். அழைப்பவர் பெண் என்பதாலேயே பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். புதிதாக அறிமுகமானவரோடு எங்காவது போக விரும்பினால், இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

மது அருந்துபவரானால், கோப்பை உங்கள் கண்முன் நிரப்பப்பட வேண்டும், கையை விட்டு அகன்ற கோப்பையைத் திரும்ப எடுக்கக் கூடாது. குடித்த அளவுக்குச் சம்பந்தமில்லாத மயக்கம் வந்தால், அறிமுகமில்லாதவர் கைத்தாங்கலாக வெளியே அழைத்துச் செல்ல விடாமல் ஊழியரை அழையுங்கள். 2024 நவம்பரில் லாவோசின் வாங் வியாங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் இளம்பெண்களும் இருந்தார்கள். மெத்தனால் நஞ்சு குடித்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கும், வாந்தி, தலைவலி, மூச்சிரைப்பு வரும். அதைச் சாதாரண மறுநாள் தலைவலி என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும், மாற்று மருந்து உண்டு.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு அட்டைகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள், வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்மைப் பயன்படுத்துங்கள், உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் மறுத்து உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்றுவிகிதத்தில் இழப்பு குறையும். ஒரு இரவு தங்கி விமான நிலையம் போகும் அளவுக்கு ரொக்கம் எப்போதும் தனியாக இருக்கட்டும்.

உடல்நலம்

நேர மண்டலம் மாறும்போது மாதவிடாய் தள்ளிப்போவதும் முந்திவிடுவதும் இயல்பு, ஆகவே தேதியை நம்பாமல் நாப்கினோ கப்போ முதல் நாளிலிருந்தே கைப்பையில் இருக்கட்டும். கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள் கடிகார நேரத்தைப் பார்க்காமல், முந்தைய மாத்திரையிலிருந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கணக்கிட வேண்டும். விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி எடுத்தால் மருந்து உடலில் சேர்ந்திருக்காது. நீண்ட விமானப் பயணத்தில் எழுந்து நடப்பது எல்லோருக்கும் நல்லது, ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை உட்கொள்பவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால் அவர்களுக்கு அது அவசியம். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருபவர்கள் மருத்துவரிடம் பேசி மருந்தைச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை தேடச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் சுற்றுவதே பல பயணிகளுக்கு அந்தத் தொற்றைக் கொண்டுவருகிறது.

தவறு நடந்துவிட்டால்

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதிச் சான்று பெறுங்கள், அதைக் கொண்டு தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் கேட்கலாம். கைப்பேசி தொலைந்தால், ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கேட்பார்கள். *#06# என்று அழுத்தினால் அது திரையில் வரும், இன்றே எழுதி வையுங்கள். தூதரகம் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் பட்டியலைத் தரும், குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், ஆனால் உங்கள் மருத்துவக் கட்டணத்தைச் செலுத்தாது, சிறையிலிருந்து விடுவிக்கவும் அதற்கு அதிகாரமில்லை. உங்களைக் காவலில் வைத்தால், 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மொழி புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

பாலியல் வன்முறை நடந்தால் நினைவில் வைக்க வேண்டிய எண் 72. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையும் விரைவில் எடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும், சில வகைகள் 120 மணி நேரம் வரை பயன்படும். சில நாடுகளில் அந்த மாத்திரை கிடைப்பது அரிது என்பதால் போகுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். புகார் செய்வதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யாவிட்டாலும், முடிந்தால் குளிக்காமல், உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வையுங்கள். திருமணத்துக்கு வெளியேயான உறவையே குற்றமாகக் கருதும் நாடுகளில், புகார் கொடுக்கப் போன பெண்மீதே விசாரணை திரும்பும் ஆபத்து உண்டு. அத்தகைய நாடுகளில் மருத்துவ உதவியோடு, முதல் அழைப்பு உங்கள் தூதரகத்துக்குப் போகட்டும், காவல் நிலையத்துக்குத் தூதரக அலுவலரோ வழக்கறிஞரோ உடன்வரும்படி கேளுங்கள். நடந்தது எதுவும் உங்கள் தவறல்ல, நீங்கள் தனியாகப் போனதும் தவறல்ல.

திரும்பிய பிறகு

வீட்டுக்கு வந்ததும் பகிர்ந்துவைத்த இருப்பிடங்களை நிறுத்துங்கள், அட்டைக் கணக்கில் நீங்கள் செய்யாத செலவு ஏதேனும் இருக்கிறதா என்று ஒரு மாதம் வரை கவனியுங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தங்குமிடத்துக்கு மதிப்புரை எழுதுங்கள். அழகாக இருந்தது, ஊழியர்கள் அன்பானவர்கள் என்று மட்டும் எழுதாமல், தனியாகத் தங்கிய பெண் என்று குறிப்பிட்டு, நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை, எந்தத் தெருவில் விளக்கு இல்லை, கதவின் தாழ்ப்பாள் எப்படி இருந்தது, இரவு எத்தனை மணிவரை வரவேற்பு மேசையில் ஆள் இருந்தார் என்பதை எழுதுங்கள். நான் மழையில் நின்ற அந்த விடுதிக்கு, எண்பூட்டின் எண்ணை முன்பே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், நள்ளிரவுக்குப் பின் கதவைத் திறக்க ஊழியர்கள் இருக்க மாட்டார்கள் என்று எழுதினேன்.